மாஸி 1035-க்கு ரோல் பார் போட்ட வேலை

எங்கள் வீட்டு டிராக்டர் 1984-ல் அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035. டாஃபே கம்பெனி வண்டி, மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இஞ்சின், பின்பக்கம் 12.4-28 டயர். குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டிப் பக்கத்து வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் உழுதே வயதானது. இஞ்சின் ஒருமுறை முழுசாகப் பிரித்துக் கட்டியாயிற்று, கிளட்ச் மாற்றியாயிற்று, ஸ்டார்ட் ஆவதில் இன்றைக்கும் குறை இல்லை. ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் எல்லாவற்றையும் போல சீட்டுக்குப் பின்னால் வெறும் ஆகாசம்தான். கவிழ்ந்தால் ஓட்டுகிறவருக்கும் தரைக்கும் நடுவில் தாங்க ஒன்றும் கிடையாது. அப்படித் தாங்குவதற்காகச் சீட்டுக்குப் பின்னால் இரண்டு தூணும் மேலே ஒரு குறுக்குமாக நிறுத்துவதுதான் ரோல் பார்.

உழவு மட்டும் என்றால் நானும் யோசித்திருக்க மாட்டேன். இப்போது வண்டிக்கு வரும் வேலையில் பாதி விளையில்தான், அதாவது தோப்பில். பட்டுப்போன தென்னையை வெட்டியபின் தூரை இழுத்துப் பிடுங்குவது, ரப்பர் தோட்டச் சரிவில் விறகு ஏற்றிய டிரெய்லரை இறக்குவது, தோவாளைச் சானல் கரையில் வைக்கோல் கட்டோடு வருவது. தூர் பிடுங்கும்போது சங்கிலியைக் கீழே டிராபாரில் மாட்டாமல் மேலே டாப் லிங்க் கொக்கியில் மாட்டுகிற பழக்கம் ஊரில் பலருக்கு உண்டு. மேலே கட்டினால் இழுவை கூடும் என்று ஒரு நம்பிக்கை. கூடுவது இழுவை அல்ல, முன்சக்கரம் எழும்புகிற வேகம். பின் அச்சுக்கு மேலே எங்கே கட்டினாலும் அந்த இழுப்பு வண்டியைப் பின்னால் மல்லாத்தவே பார்க்கும். சேற்றில் சக்கரம் புதைந்தபோது சக்கரத்தோடு கட்டை வைத்துக் கட்டி, முதல் கியரில் கிளட்சைப் படாரென்று விடுவதும் இதே வகைதான். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் இஞ்சினின் முறுக்கு வண்டியின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்சக்கரம் எழ ஆரம்பித்து முக்கால் வினாடியில் மீள முடியாத நிலை வந்துவிடும், ஒன்றரை வினாடியில் கவிழ்ந்து முடிந்துவிடும். குதித்துத் தப்பிவிடலாம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சுவீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு ரோல் பார் போன்ற பாதுகாப்பு அமைப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டிலும் அதைச் சோதிக்க ஐஎஸ் 11821 என்ற தர அளவை இருக்கிறது. டிராக்டர்களைச் சோதிக்கிற மத்திய அரசு நிலையம் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ளது. இதெல்லாம் புது வண்டிக்கு. நாற்பது வயது வண்டிக்கு அளவெடுத்து, சோதனை முடித்து, டப்பாவில் போட்டு யாரும் விற்பதாக எனக்குத் தெரிந்த கடைகளில் இல்லை. கிடைத்தால் நான் இந்த வேலையில் இறங்கியிருக்கவே மாட்டேன். உங்கள் வண்டிக்கு கம்பெனி பார் கிடைக்குமானால் அதையே வாங்குங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம். நான் செய்தது கணக்குப் பார்த்துச் செய்த ஒன்று, சோதனையில் தேறிய ஒன்று அல்ல. அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பது பற்றியது. வேலை தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை வளைத்து, மட்கார்டில் நாலு போல்ட் போட்டு, மேலே தகரமோ தார்ப்பாயோ போடுகிறோமே, அது ரோல் பார் கிடையாது. மட்கார்டு தகரம் மனிதர் உட்காரும் எடைக்கே நெளிகிறது. நான் பேச்செடுத்தபோது பட்டறை அண்ணாச்சியும் முதலில் அதைத்தான் நினைத்தார். “ரெண்டு இஞ்ச் பைப்பா போட்டுடலாம் மக்ளே, யானை ஏறினாலும் ஒண்ணும் ஆவாது” என்றார். யானை மெதுவாக ஏறும். வண்டி விழுவது அப்படி இல்லை.

விழும்போது பார் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கும் இடத்துக்குள் வராமல் வளைந்து நிற்கும் என்பதே முழுக் கேள்வி. டிராக்டர் சோதனைக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 4-ம் சோதனை விதியில் இதற்குக் கணக்கு இருக்கிறது. வண்டியின் எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, முன்பின் திசைத் தள்ளலுக்கு 1.4-ஆலும் பக்கவாட்டுத் தள்ளலுக்கு 1.75-ஆலும் பெருக்கினால் பார் விழுங்க வேண்டிய ஆற்றல் ஜூலில் வரும். மேலிருந்து நசுக்கும் விசைக்கு 20-ஆல் பெருக்கினால் நியூட்டனில் வரும். எங்கள் வண்டியை எடை மேடையில் ஏற்றி, டிரைவரையும் சேர்த்து 1,800 கிலோ என்று வைத்துக்கொண்டேன். ஆக 2,520 ஜூல், 3,150 ஜூல், 36,000 நியூட்டன். கடைசி எண் கிட்டத்தட்ட வண்டியின் எடையைப் போல் இரண்டு மடங்கு.

குழாயின் அளவுக்குப் போகும் முன் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். இதற்கு நான் பாக்கு மரத்தைப் பிளந்த கமுகு வாரியில் ஒரு மாதிரி கட்டிப் பார்த்தேன், யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வேன். சீட்டுக்குப் பின்னால் இரண்டு வாரி, குறுக்கே ஒன்று, கயிறு போட்டு இறுக்கியது. வண்டி தலைகீழாகக் கிடந்தால் தரையைத் தொடப்போவது இரண்டு இடம்: பின்னால் பாரின் தலை, முன்னால் பானெட்டின் மூக்கு. ஆகவே பாரின் தலையிலிருந்து மூக்கு வரை ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் அந்தக் கயிறுதான் தரை. டிரைவர் அண்ணனை சீட்டில் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். தரையிலிருந்து 2.15 மீட்டர் உயரத்தில் குறுக்கு வாரி இருந்தபோது கயிறு அவர் தலைமுடியைத் தொட்டது. 2.4 மீட்டருக்கு ஏற்றியதும் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் கிடைத்தது. ஸ்டியரிங்கும் கயிற்றுக்குக் கீழே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னப் பையன்களுக்கு அன்றைக்கு நல்ல வேடிக்கை.

இந்த 2.4 மீட்டர் தென்னை விளையில் பிரச்சினை இல்லை. ரப்பருக்குள் தாழ்ந்த கிளை இடிக்கும், ஷெட் வாசல் இடிக்கும். மடக்கும் வகை பார் இதற்காகத்தான் வந்தது. ஆனால் கீல் வைத்து மடக்குவது பட்டறையில் செய்யும் காரியம் இல்லை என்பது என் கருத்து. அந்தக் கீலும் பின்னும் பாரைப் போலவே பாரம் தாங்க வேண்டும், அதோடு மடக்கிய பாரை யாரும் திரும்ப நிமிர்த்தப் போவதில்லை. ஷெட் வாசலை உயர்த்திவிட்டேன்.

இரும்புக்கு, ஐஎஸ் 4923 தரத்தில் வரும் 80-க்கு 80 சதுரக் குழாய், 6 மி.மீ. கனம், ஒய்எஸ்டி 310 ரகம். அது 310 மெகாபாஸ்கலில் வளையத் தொடங்கும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். கோட்டாற்றில் வாங்கினேன். குழாயின் மேல் தர முத்திரை இல்லாததை வாங்காதீர்கள், பழைய இரும்புக் கடைக் குழாய் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதன் குணம் தெரியாது. அத்தான் கட்டுமான இஞ்சினியர், கணக்கை அவர்தான் சரிபார்த்துத் தந்தார். இந்தக் குழாயில் ஒரு தூண் ஏறக்குறைய 15 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புவிசையில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். அச்சிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் பின்னாலிருந்து தள்ளினால் இரண்டு தூணும் சேர்ந்து 17 கிலோநியூட்டன் எதிர்க்கும். அந்த விசையோடு 15 செ.மீ. வளைந்தால் 2,520 ஜூல் செலவாகிவிடும். வளையுமுன் சுருள் போலக் கொடுக்கும் அசைவும் சேர்த்தாலும், டிரைவர் தலையின் பின்பக்கத்துக்கும் பாருக்கும் இருக்கும் 35 செ.மீ. போதும். பக்கவாட்டில் மேலும் கீழுமாக நாலு இடத்தில் வளைய வேண்டியிருப்பதால் இன்னும் பலம், ஒன்பது பத்து செ.மீ.யில் முடிந்துவிடும்.

இதைவிடக் கனமாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். தூண் வளையவில்லை என்றால் அந்த வேகம் முழுவதும் கீழே போகும். கீழே இருப்பது பின் அச்சை மூடியிருக்கும் வார்ப்பிரும்பு உறை, அதாவது ஹவுசிங். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். தூண் முதலில் வளைய வேண்டும், போல்ட்டும் ஹவுசிங்கும் அதற்கு அப்புறமும் நிற்க வேண்டும்.

கீழ்ப்பிடிக்கு வருவோம், இந்த வேலையில் என் நேரத்தைத் தின்றது இதுதான். பின் அச்சு ஹவுசிங்கில் வெல்டு வைக்கக் கூடாது, துளை போடவும் கூடாது. அதனால் மேலே ஒரு 20 மி.மீ. தகடு, கீழே ஒரு 20 மி.மீ. தகடு, நடுவில் ஹவுசிங், பக்கத்துக்கு நாலு எம்20 போல்ட் (20 மி.மீ. விட்டம்), 8.8 என்ற பல ரகம். முன்பின் போல்ட் இடைவெளி 160 மி.மீ. ஹவுசிங் உருண்டையானது, வெளிப்பக்கம் போகப்போகச் சிறுக்கும். தட்டைத் தகட்டை அதன் மேல் வைத்து இறுக்கினால் ஒரு கோட்டில்தான் தொடும். அட்டையில் வெட்டி, தேய்த்து, மறுபடி வெட்டி ஹவுசிங்கின் வளைவை எடுத்தேன். அந்த அட்டையை வைத்துத் தகட்டில் வெட்டிய சேணத் துண்டுகளை மேல் கீழ் தகடுகளோடு பற்றவைத்தோம்.

போல்ட் பலத்தில் பயம் இல்லை. 15 கிலோநியூட்டன் மீட்டரை 160 மி.மீ.யால் வகுத்து இரண்டு போல்ட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 47 கிலோநியூட்டன் வரும். எம்20-8.8 போல்ட்டின் தாங்கு வரம்பு 147. அத்தான்தான் வேறொன்றைக் கேட்டார்: “எல்லாம் சரி, பார் பின்னாலிருந்து தள்ளு வாங்கும்போது இந்தப் பிடி உருண்டையைச் சுற்றித் திரும்பாதா?” கணக்குப் போட்டோம். போல்ட் ஒவ்வொன்றும் 100 கிலோநியூட்டன் இறுக்கத்தில் இருக்கிறது, உராய்வு 0.15 என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிறிய ஆரத்தில் உராய்வு தாங்குவது 7 கிலோநியூட்டன் மீட்டர் சொச்சம். தேவையில் பாதிகூட முழுசாக இல்லை. தூண் வளைவதற்கு முன்னால் பார் முழுவதும் அப்படியே டிரைவர் முதுகில் சாய்ந்துவிடும். குழாய் எவ்வளவு தடியானாலும் இந்தச் சாய்வைத் தடுக்காது. ஊரில் நான் பார்த்த சில வண்டிகளில் யு-போல்ட் போட்டு அச்சில் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பார்களுக்கும் இதே கதிதான்.

அதற்குத் தீர்வாக, ஹவுசிங் நடு உடலோடு சேரும் வட்ட முகத்தில் உள்ள போல்ட் வரிசையைப் பயன்படுத்தினோம். மேல் தகட்டிலிருந்து உள்பக்கமாக 12 மி.மீ. தகட்டில் ஒரு கை, அதன் நுனி அந்த முகத்தில் மேற்பக்கத்து மூன்று போல்ட்டுகளின் கீழ் உட்காரும். அந்த மூன்றுக்கும் பதிலாக அதே புரியில் நீளம் கூடிய, இன்னும் பலமான 10.9 ரகப் போல்ட்டுகளைப் போட்டேன். இங்கே ஒரு எச்சரிக்கை: மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு இறுக்கிவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும். மூட்டு கொஞ்சம் அசைந்தாலும் கேஸ்கெட் வழியாக ஆயில் கசியத் தொடங்கும், பிறகு பின்பாகம் முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான். இனி பிடி சுற்ற நினைத்தால் அந்த மூன்று போல்ட்டையும் அறுத்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும்.

கீழ்த்தகடு வலப்பக்கம் பிரேக் ராடுக்கு மிக அருகில் வந்தது. மிதித்துப் பார்த்தால் உரசவில்லை, ஆனால் சேறு அடைத்தால் உரசும். தகட்டின் அந்த மூலையைச் சாய்வாக வெட்டி எடுத்தோம். லோயர் லிங்க் சங்கிலி முழுத் தூக்கத்தில் எங்கே வருகிறது என்பதையும் கலப்பையை மாட்டி, தூக்கி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தகடுகளுக்குக் கடைசி வெட்டு வெட்டினோம்.

வெல்டிங்கில் அண்ணாச்சிக்கும் எனக்கும் கொஞ்சம் உரசல். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வைக்கிற 6013 ராடு அவர் கைக்குப் பழகியது, அழகாகவும் ஓடும். நான் 7018 வேண்டும் என்று நின்றேன். கனத்த தகட்டில், இழுவை வருகிற மூட்டில், ஹைட்ரஜன் குறைந்த ராடுதான் சரி. ஆனால் அந்த ராடு ஈரம் குடித்தால் அந்தப் பேருக்கே அர்த்தம் இல்லாமல் போகும், வெல்டுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். நம் மாவட்டத்திலோ தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு, பட்டறையில் திறந்து வைத்த பாக்கெட் எப்போதும் நமுத்துத்தான் இருக்கும். புதுப் பாக்கெட் வாங்கி, 300 டிகிரிக்கு மேல் ஓவனில் சுட்டு, சூட்டுப் பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பற்றவைத்தோம். பழைய ஏசி டிரான்ஸ்பார்மர் மெஷினில் 7018 சரியாக நிற்கவில்லை. இன்வெர்ட்டர் மெஷினில் டிசி பாசிட்டிவ் வைத்ததும் ஓடியது. இரண்டாவது ராடுக்குப் பிறகு அண்ணாச்சி முகத்தில் திருப்தி தெரிந்தது, வாயால் ஒத்துக்கொள்ளவில்லை.

தூணின் அடியில் நாலு பக்கமும் சாய்வு வெட்டி முழு ஊடுருவல் வெல்டு, முன்னும் பின்னும் முக்கோணத் தகடு. மேலே மூலை மூட்டை 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்து உள்மூலையில் ஒரு முக்கோணம். குழாயை வளைத்துச் செய்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கே கிடைக்கும் பெண்டிங் மெஷினில் இந்தக் கனத்தை வளைத்தால் உள்பக்கம் நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் கணக்கு செல்லாது. மறுநாள் அத்தான் தன் சைட்டிலிருந்து சிவப்புச் சாய ஸ்பிரே கொண்டு வந்தார். அடித்து, துடைத்து, வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடித்தால் விரிசல் இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு கசியும். எங்கும் கசியவில்லை. குழாயின் எல்லா முனையும் மூடி வெல்டு வைத்துவிட்டதால் உள்ளே உப்புக்காற்று போக வழியில்லை. வெளியே துருவெடுத்து, பிரைமர் இரண்டு கோட், மேலே கறுப்பு. மாஸியின் சிவப்பே அடித்திருக்கலாம் என்று அப்பாவுக்கு இன்னும் வருத்தம்.

பொருத்தும்போது ஹவுசிங்கில் சேணம் உட்காரும் இடத்துப் பெயின்ட்டை முழுசாகச் சுரண்டி எடுத்தேன். பெயின்ட்டின் மேல் இறுக்கினால் அது நாளடைவில் பிதுங்கும், போல்ட் தளர்ந்துவிடும். எம்20-8.8-க்கு எண்ணெய் இல்லாத புரியில் சுமார் 400 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் குழாய் நுனியில் நாற்பது கிலோ தொங்கவிட்டது போல. லாரி டயர் கடையில் டார்க் ரிஞ்ச் இரவல் வாங்கி, குறுக்கு மறுக்காக, மூன்று சுற்றில் ஏற்றினேன். நட்டிலும் தகட்டிலும் சேர்த்து வெள்ளைக் கோடு போட்டேன், அசைந்தால் கோடு பிரிந்து காட்டும். முதல் உழவு முடிந்து பார்த்தபோது இடப்பக்கம் இரண்டு நட்டில் கொஞ்சம் இறக்கம் இருந்தது. புதுப் பொருத்தத்தில் அது சகஜம், மறுபடி ஏற்றியபின் நின்றுவிட்டது.

பார் மட்டும் போட்டுவிட்டு பெல்ட் போடாமல் விட்டால், விழும்போது ஆள் சீட்டிலிருந்து தெறித்து அந்தப் பாரின் கீழேயே போய் மாட்டிக்கொள்ளக் கூடும். இடுப்பு பெல்ட் ஒன்று, புதியது, வாங்கினேன். பழைய கார் பெல்ட் வேண்டாம், விபத்தில் இழுபட்டதா என்று யாருக்குத் தெரியும். ஸ்பிரிங் சீட் என்பதால் பெல்ட்டின் இரு முனையையும் சீட்டின் அடிச்சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தைக் கனத்த பட்டையால் பாரின் கீழ்த்தகட்டோடு இணைத்தேன். பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே கட்டிப்போட்டதாகத்தான் முடியும்.

டிரைவர் அண்ணனுக்குப் பார் பிடித்துப்போயிற்று. சாய்ந்துகொள்ளவும் துண்டு போடவும் வசதி. பெல்ட்தான் பிடிக்கவில்லை. “வரப்புக்கு வரப்பு இறங்கி ஏறணும் தம்பி, ஒவ்வொரு தடவையும் இதை மாட்டிக்கிட்டு இருக்க முடியுமா?” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமதள வயலில் நான் வற்புறுத்துவதில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீல் புதைவதும் அதே வயலில்தான். இப்போதைக்கு ஒப்பந்தம்: தூர் பிடுங்கும்போது, சரிவில், சானல் கரையில், ரோட்டில் கட்டாயம். புதைந்தால் பெல்ட் மாட்டாமல் கியரைத் தொடக் கூடாது, முதலில் ரிவர்ஸில் முயற்சி, கட்டை கட்டும் பேச்சே கிடையாது. சானல் கரையில், கரையின் மேலிருந்து சானலின் அடி வரை எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் விலகித்தான் சக்கரம் போக வேண்டும். ரோட்டில் இடது வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டும் கொக்கி வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்தது, அதையும் சரிசெய்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து வண்டி சுழல்வதற்கு ரோல் பார் மருந்து இல்லை.

செலவு இரும்பு, போல்ட், பட்டறைக் கூலி, பெல்ட், பெயின்ட் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடிந்தது. ஷெட் வாசல் தனிக் கணக்கு. பாரும் தகடுகளும் சேர்ந்து பின்பக்கம் தொண்ணூறு கிலோவுக்குக் கிட்ட ஏறியிருக்கிறது, அதனால் முன்பக்கம் கொஞ்சம் லேசாகத் தெரிகிறது. கும்பப்பூ உழவுக்கு இறங்குவதற்குள் முன்னால் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டும், பழைய செட் ஒன்றுக்கு வடசேரியில் சொல்லி வைத்திருக்கிறேன். பாரில் ஒரு தகட்டு அட்டையும் ஒட்ட வேண்டும்: இதில் துளை போடாதே, வெல்டு வைக்காதே, சங்கிலி கட்டி இழுக்காதே, ஒருமுறை வளைந்தால் நிமிர்த்தாமல் கழற்றி எறி. போன வாரமே யாரோ அதில் ஸ்பீக்கர் மாட்ட டிரில் மெஷினோடு வந்து நின்றார்கள்.